பதிவு வேறு, பரீட்சை பாரம் வேறு

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் மாறிவிடும். ஜி.எஸ்.டி., வருமான வரிக் கேள்விகள் கொஞ்சம் பின்னால் போக, "பிள்ளையை சி.ஏ.வில் எப்படிச் சேர்ப்பது?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருக்கிறேன். நேரில் வந்து கேட்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பாடம் புரியாமல் ஒரு பிள்ளை பரீட்சையில் தவறினால் அடுத்த முறை படித்து எழுதிவிடலாம். நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒரு தேதியைத் தெரியாமல் விட்டுவிட்டு மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தான் மனசு கேட்பதில்லை. அதனால் இந்த முறை பாடத்தை அதிகம் தொடவில்லை. பாரம், தேதி, கட்டணம் பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

காபி எஸ்டேட் ஊழியர், நாகலூர், ஏற்காடு

"என் மகள் பிளஸ் டூ வணிகவியல், தமிழ் மீடியம். சி.ஏ. படிக்க வேண்டும் என்கிறாள். எங்கள் எஸ்டேட்டில் ஒருவருடைய மகன் போன வருடம் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு, பரீட்சைத் தேதி தபாலில் வரும் என்று காத்திருந்தான். கடைசியில் அந்த முறை எழுதவே முடியவில்லை. எங்களுக்கு அப்படி ஆகக் கூடாது. எப்போது, எங்கே, எவ்வளவு கட்ட வேண்டும்? தமிழில் எழுதலாமா?"

ஐயா, அந்தப் பையனுக்கு நடந்தது அடிக்கடி நடக்கிற விஷயம். யாரும் எடுத்துச் சொல்லாததுதான் காரணம். சி.ஏ.வில் காரியம் இரண்டு. முதலில் இன்ஸ்டிடியூட்டில் மாணவராகப் பெயரைப் பதிவு செய்வது. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தைத்தான் நாங்கள் இன்ஸ்டிடியூட் என்கிறோம். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. சி.ஏ.வின் முதல் நிலைக்கு ஃபவுண்டேஷன் என்று பெயர். அந்தப் பதிவை ஒரு தடவை செய்தால் நான்கு வருடம் செல்லும். இரண்டாவது, பரீட்சை பாரம். இதை ஒவ்வொரு முறை எழுதும்போதும் தனியாகப் போட்டு, தனியாகப் பணம் கட்ட வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் சேர்த்துவிட்டால் மட்டும் அரிசி வீடு தேடி வருவதில்லை அல்லவா? மாதாமாதம் கடைக்குப் போய் வாங்கியாக வேண்டும். அந்தப் பையன் கார்டு வாங்கியதோடு நின்றுவிட்டான்.

ஃபவுண்டேஷன் பரீட்சை 2024 முதல் வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது. ஜனவரி, மே அல்லது ஜூன், செப்டம்பர். பதிவுக்கும் பரீட்சைக்கும் நடுவே நான்கு மாதப் படிப்புக் காலம் இருக்க வேண்டும் என்பது விதி. அதன்படி ஜனவரி 1க்குள் பதிந்தவர் மேயில் எழுதலாம். மே 1க்குள் பதிந்தவர் செப்டம்பரில். செப்டம்பர் 1க்குள் பதிந்தவர் அடுத்த ஜனவரியில். ஒரு நாள் தாண்டினால் அடுத்த அட்டெம்ப்டுக்குப் போய்விடும். யாரிடம் கேட்டும் பிரயோஜனம் இல்லை.

பத்தாம் வகுப்பு முடித்ததுமே பெயரைப் பதிந்து வைக்கலாம். பரீட்சை எழுதுவது பிளஸ் டூவுக்குப் பிறகுதான். உங்கள் மகளுக்கு நான் சொல்வது செப்டம்பர். பொதுத்தேர்வு மார்ச்சில் முடிந்ததும் இரண்டு நாள் தூங்கட்டும். ஏப்ரலில் பதிவு செய்யுங்கள், மே 1 வரை விட்டு வைக்காதீர்கள். மே பரீட்சையையே பிடித்துவிடலாம் என்று சிலர் அவசரப்படுத்துவார்கள். பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டே இதையும் படிப்பது தமிழ் மீடியத்திலிருந்து வரும் பிள்ளைக்குப் பாரம். செப்டம்பரில் எழுதினால் அவள் எதையும் இழக்கப் போவதில்லை.

பதிவுக் கட்டணம் 9,000 ரூபாய். கையேடு, மாத இதழ் எல்லாம் சேர்த்தாலும் பத்தாயிரத்தைத் தாண்டாது. அப்புறம் பரீட்சைக் கட்டணம் 1,500 ரூபாய். எல்லாமே இன்ஸ்டிடியூட்டின் சுயசேவைத் தளத்தில் ஆன்லைனில்தான். கோச்சிங்கில் சேர்ந்தால்தான் பதிவு செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பாடப் புத்தகங்கள் முழுவதும் இன்ஸ்டிடியூட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நேரலை வகுப்புகளும் இலவசமாக நடத்துகிறார்கள். மலையில் போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் ஒரு மேஜை போட்டுக் கொடுங்கள். பெரிய தொகை கட்டிக் கோச்சிங் சேர்ப்பதா என்று அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

செப்டம்பர் பரீட்சைக்கான பாரம் அண்மை வருடங்களில் ஜூலைத் தொடக்கத்தில் திறக்கிறது. ஏறக்குறைய இரண்டு வாரம்தான் திறந்திருக்கும். அதன்பின் 600 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு சில நாட்கள். அதற்குப் பிறகு, போட்ட பாரத்தில் தேர்வு மைய ஊரை மாற்றிக்கொள்ளச் சில நாட்கள். அவ்வளவுதான். ஜூலையில்தான் காலேஜ் சேர்க்கை, ஹாஸ்டல், பஸ் பாஸ் என்று வீடே அலைந்துகொண்டிருக்கும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாப் பேச்சும் ஆரம்பித்துவிடும். எங்கள் அலுவலகப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடும்போது பாரம் போட்ட ரசீது கையில் இருக்க வேண்டும். சேலத்துக்காரருக்கு அந்த நாள் மறக்காது. மே பரீட்சை என்றால் பாரம் மார்ச் தொடக்கத்தில் வரும், ஜனவரிப் பரீட்சை என்றால் நவம்பர் தொடக்கத்தில். சரியான தேதியை அந்தந்த முறை இன்ஸ்டிடியூட் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட்டும் தபாலில் வராது. அதே தளத்தில் அவளேதான் இறக்கி அச்செடுக்க வேண்டும்.

சேலத்திலேயே தேர்வு மையம் இருக்கிறது. பாரத்தில் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது சேலம் என்று பார்த்து அழுத்துங்கள். பரீட்சை மதியம் 2 மணிக்குத்தான் தொடங்கும் என்பதால் காலை பஸ்ஸில் இறங்கி வந்துவிடலாம் என்று தோன்றும். இருந்தாலும் அந்த ஒரு வாரம் சேலத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கட்டும். 2024 டிசம்பர் மழையில் மலைப்பாதை சரிந்து வண்டி நின்றது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, தலைசுற்றலோடு வந்து உட்கார்ந்து கணக்குப் போடுவதும் கஷ்டம்.

தமிழில் எழுத முடியாது, ஐயா. ஆங்கிலம் அல்லது இந்தி மட்டும்தான். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அம்மாபேட்டையில் தறி வீட்டில் பிறந்து தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். முதல் நாள் சட்டப் புத்தகத்தைத் திறந்தபோது வந்த பயம் இன்னும் நினைவிருக்கிறது. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். நான்கு பேப்பரில் இரண்டு, அதாவது கணிதத் திறனும் பொருளாதாரமும், விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. அதில் நாலு வாக்கியம் எழுத வேண்டிய வேலையே இல்லை. தவறான விடைக்குக் கால் மார்க் குறையும் என்பதால் குத்துமதிப்பாகக் குறிக்காமல் இருந்தால் போதும். கணக்கியல் பேப்பர் பெரும்பாலும் எண்ணும் படிவமும்தான். பற்று, வரவு எந்த மொழியிலும் ஒன்றே. ஆங்கிலத்தில் வாக்கியமாக எழுத வேண்டியது வணிகச் சட்டம் ஒன்றில்தான். அதற்கு ஏப்ரலிலிருந்தே தினமும் ஒரு கேள்வி. இன்ஸ்டிடியூட் புத்தகத்தில் உள்ள விடையைப் படித்துவிட்டு, மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்க்க வேண்டும். முதல் மாதம் மூன்று வரிதான் வரும். அதற்காக விட வேண்டாம். ஒவ்வொரு பேப்பரிலும் 40 மார்க், நான்கும் சேர்த்து 400க்கு 200 எடுத்தால் பாஸ். சட்டத்தில் 40 எடுத்துவிட்டு, கணக்கில் அள்ளிக்கொள்ளலாம்.

கல்லூரி மாணவி, அம்மாபேட்டை

"பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கிறது. ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கிறது. பதிவு பாரத்தில் எதைப் போடுவது?"

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே. பிறந்த தேதிக்கும் அதுதான் ஆதாரம்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் சிக்குவது இதில்தான். பாரம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று தனித்தனிக் கட்டம் கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான். கட்டம் காலியாக இருக்கிறதே என்று பிரவுசிங் சென்டர் தம்பி அப்பா பெயரை முழுசாக அடித்துவிடுவார், சில சமயம் ஊர்ப் பெயரையும் சேர்த்துவிடுவார். பெயர் அப்படியே ஒவ்வொரு ஹால் டிக்கெட்டிலும் வரும், மார்க் பட்டியலில் வரும். கடைசியில் நீ கையெழுத்துப் போடப் போகும் உறுப்பினர் சான்றிதழிலும் வரும். மார்க் ஷீட்டில் "எஸ்." என்று மட்டும் இருந்தால் அந்தக் கட்டத்திலும் "எஸ்" மட்டும் போதும்.

ஆதாரை இப்போதே மார்க் ஷீட்டுக்கு ஒத்த மாதிரி திருத்திக்கொள், கண்ணு. பரீட்சை ஹாலில் அடையாள அட்டை கேட்டால் இரண்டும் ஒன்றாக இருக்கட்டும். கையெழுத்தை வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்டுப் படமெடு. ரூல் போட்ட நோட்டுத் தாளில் போட்டால் கோடும் சேர்ந்து விழும். சான்றிதழ் நகல்களில் ஒரு சி.ஏ., அல்லது கெசட்டட் அதிகாரி, அல்லது உங்கள் கல்லூரி முதல்வர் சான்றொப்பம் போடலாம். அம்மாபேட்டையிலேயே சி.ஏ. யாராவது இருந்தால் தயங்காமல் போய்க் கேள். ஒரு பிள்ளை சி.ஏ. சேர வந்திருக்கிறது என்றால் எங்களில் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு போட்டுத் தருவோம்.

கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், செவ்வாய்பேட்டை

"பையனுக்குப் பதிவு செய்தபோது சென்டர்க்காரர் அவருடைய போன் நம்பரையும் மெயிலையும் போட்டுவிட்டார். இப்போது சென்டரை மூடிவிட்டுப் போய்விட்டார். பரீட்சை பாரம் போட உள்ளே நுழையவே முடியவில்லை. என்ன செய்வது?"

அண்ணா, இன்றைக்கே ஆரம்பியுங்கள், பாரம் திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். பதிவு எண் இருக்கிற கடிதமோ ரசீதோ பட்டறையில் எங்காவது கிடக்கும், தேடி எடுங்கள். அந்த எண், பையனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், அடையாள அட்டை இவற்றோடு இன்ஸ்டிடியூட்டின் உதவிப் பிரிவுக்குப் போனையும் மெயிலையும் மாற்றித் தரக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். சேலத்தில் இன்ஸ்டிடியூட்டின் கிளை இருக்கிறது. பையனே நேரில் போய் வழி கேட்கட்டும்.

சென்டரில் உட்கார்ந்து பாரம் போடுவதில் தப்பில்லை, எல்லார் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருக்காது. ஆனால் ஓ.டி.பி. பையனுடைய போனுக்குத்தான் வர வேண்டும், பாஸ்வேர்டு பையனுக்குத்தான் தெரிய வேண்டும். தட்டச்சு மட்டும் சென்டர்க்காரர் வேலை. வெள்ளியை எடை போடும்போது நீங்கள் பக்கத்திலேயே நின்று பார்ப்பவர், உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பி.காம். இறுதியாண்டு மாணவர், ஆத்தூர்

"ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர் போகலாம் என்கிறார்கள். டிகிரி ரிசல்ட் வந்த பிறகு பதிவு செய்யட்டுமா?"

போகலாம் தம்பி. இன்டர் என்பது ஃபவுண்டேஷனுக்கு அடுத்த நிலை. வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதம் வேண்டும். வேறு பட்டம் என்றால் 60. ஆனால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இறுதியாண்டு படிக்கும்போதே தற்காலிகப் பதிவு செய்யலாம்.

கணக்குப் போட்டுப் பார். நேரடி நுழைவில் படிப்புக் காலம் எட்டு மாதம். ஜனவரி 1க்குள் தற்காலிகமாகப் பதிந்தால், டிகிரி முடித்த அந்த வருடமே செப்டம்பரில் இன்டர் எழுதலாம். ரிசல்ட் கையில் வந்தபின் ஜூலையிலோ ஆகஸ்ட்டிலோ பதிந்தால் அடுத்த வருடம் மே மாதம்தான். ஒரே மாணவன், ஒரே மூளை. பாரம் போட்ட மாதம் மட்டும் வேறு. வீட்டில் சம்பாதிக்கச் சொல்லி அழுத்தம் இருக்கிற பிள்ளைக்கு அந்த எட்டு மாதம் பெரிய விஷயம்.

ஒரு எச்சரிக்கை. கடைசித் தேர்வு எழுதியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் பட்ட மார்க் ஷீட்டைக் கொடுத்துப் பதிவை உறுதி செய்ய வேண்டும். 55 வராமல் போனால் தற்காலிகப் பதிவு ரத்தாகும், கட்டிய பணமும் திரும்ப வராது. ஆகவே ஐந்து செமஸ்டர் மார்க்கை இப்போதே கூட்டிப் பார். 60க்கு மேல் நிற்கிறாயா, தைரியமாகப் பணம் கட்டு. 54, 55 என்று விளிம்பில் நிற்கிறாய் என்றால் ஃபவுண்டேஷன் வழியாகவே போ. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இன்டரின் ஆறு பேப்பரை மூன்று மூன்றாக இரண்டு குரூப்பாகப் பிரித்திருக்கிறார்கள். பதிவு இரண்டு குரூப்புக்கும் 18,000 ரூபாய், ஒரு குரூப்புக்கு 13,000. பரீட்சைக் கட்டணம் இரண்டுக்கும் சேர்த்து 2,700, ஒன்றுக்கு 1,500. பணம் புரட்ட முடிந்தால் இரண்டுக்கும் சேர்த்தே பதிந்துகொள். பரீட்சையை வேண்டுமானால் ஒவ்வொரு குரூப்பாக எழுதலாம். 2023 ஜூலையில் வந்த புதிய திட்டப்படி இரண்டு குரூப்பும் பாஸானால்தான் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டர் அலுவலகப் பயிற்சி, தொடங்க முடியும், அது இரண்டு வருடம். என் அலுவலகத்துக்கு ஒரு குரூப் முடித்துவிட்டு ஆர்ட்டிகிளாகச் சேர்க்கச் சொல்லி இன்னும் வருகிறார்கள். பழைய திட்டத்தில் நடந்தது, இப்போது முடியாது.

இன்டர் மாணவி, ஓமலூர்

"முதல் குரூப்பில் ஃபெயில். ஆனால் வரிவிதிப்புப் பேப்பரில் 63 வாங்கியிருக்கிறேன், அதற்கு விலக்கு உண்டு என்கிறார்கள். எங்கள் ஜவ்வரிசி ஆலையில் இப்போது அரவை சீசன், நான்தான் கணக்கு எழுதுகிறேன். இந்த முறை விட்டுவிட்டு நிதானமாக அடுத்த வருடம் எழுதலாமா? விலக்கு அப்படியே இருக்கும்தானே?"

அப்படியே இருக்காது, கண்ணு. இதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. குரூப்பில் தவறினாலும் ஒரு பேப்பரில் 60 அல்லது அதற்கு மேல் எடுத்தால் அதை அடுத்த மூன்று பரீட்சைகளுக்கு எழுத வேண்டாம். அடுத்த மூன்று என்றால் நடக்கிற மூன்று. நீ எழுதினாயா இல்லையா என்பதை அது பார்ப்பதில்லை.

வருடத்துக்கு இரண்டு பரீட்சை நடந்த காலத்தில் இந்த மூன்று அட்டெம்ப்ட் ஒன்றரை வருடம் தாங்கியது. இன்டர் பரீட்சை இப்போது வருடத்துக்கு மூன்று முறை நடப்பதால் ஒரே வருடத்தில் தீர்ந்துவிடும். மூத்த மாணவர்கள் சொல்லும் பழைய அனுபவத்தை நம்பிப் பல பிள்ளைகள் இங்கே ஏமாறுகிறார்கள். சீசன், கல்யாணம், காய்ச்சல் என்று இரண்டு முறை விட்டால் மிச்சம் ஒரே முறைதான். அதிலும் தவறினால் அந்த 63 இதே சலுகையோடு நிற்காது. நிரந்தர விலக்காகக் கேட்டால் மிச்சப் பேப்பர் ஒவ்வொன்றிலும் 50 எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் வரிவிதிப்பை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். அதற்குள் வரிச் சட்டத்திலும் எத்தனை மாறியிருக்குமோ.

அதனால் இந்த முறையே பாரம் போடு. உனக்கு இருப்பது உயர்நிலைக் கணக்கியலும் சட்டமும் மட்டும்தானே? மூன்று பேப்பருக்குப் படித்த நேரத்தை இரண்டுக்குச் செலவழிக்கலாம். இரண்டாவது குரூப்பை இப்போது சேர்க்க வேண்டாம், ஆலை வேலையோடு ஐந்து பேப்பர் தாங்காது. பாரத்தில் விலக்குப் பெற்ற பேப்பர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுச் சமர்ப்பி. வீட்டில் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல். கிழங்கு வண்டி எடைச் சீட்டை இன்னொருவர் எழுதலாம், உன் பரீட்சையை இன்னொருவர் எழுத முடியாது.

தனியார் நிறுவன ஊழியர், சூரமங்கலம்

"பி.காம். முடித்து மூன்று வருடமாகிறது. நண்பன் துபாயில் இருக்கிறான், ஏ.சி.சி.ஏ. என்ற பிரிட்டன் கணக்கியல் படிப்பைப் படி என்கிறான். பதிவு, பரீட்சை எல்லாம் எப்படி? சி.ஏ.வைவிட இது நல்லதா?"

எங்கே உட்கார்ந்து என்ன வேலை செய்யப் போகிறாய் என்பதை முதலில் முடிவு செய். சேலத்தில் பலகை மாட்டி, ஒரு நூற்பாலையின் ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் சி.ஏ. மட்டும்தான். நம் நாட்டுக் கம்பெனிச் சட்டப்படி ஏ.சி.சி.ஏ. முடித்தவர் இங்கே ஆடிட்டராக முடியாது. இதைச் சொல்லாமல் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குக் கோபம் வரும் இடம் இது. வளைகுடா, இங்கிலாந்து, அல்லது பெங்களூருவிலும் சென்னையிலும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் வேலை என்றால் ஏ.சி.சி.ஏ. நல்ல படிப்பு. 1904இல் தொடங்கிய பிரிட்டன் அமைப்பு, பல நாடுகளில் மதிப்பு உண்டு.

மொத்தம் 13 பேப்பர். உன் பி.காம். பட்டத்துக்குச் சில பேப்பர் விலக்கு கிடைக்கும். எத்தனை என்பது பல்கலைக்கழகத்தையும் பாடத்தையும் பொறுத்தது. அவர்கள் தளத்திலேயே உன் பட்டத்தைப் போட்டுப் பார்க்க வசதி இருக்கிறது. முதல் ஒன்பதில்தான் விலக்கு. கடைசி நான்கை யாராக இருந்தாலும் எழுதியாக வேண்டும். அந்த நான்கில் முதலாவதைப் பாஸான நாளிலிருந்து ஏழு வருடத்துக்குள் மற்றதை முடிக்க வேண்டும். பாஸ் மார்க் 50. அதோடு 36 மாத வேலை அனுபவமும் கேட்பார்கள். நீ இப்போது கணக்குப் பிரிவில் இருந்தால் இந்த மூன்று வருடத்தில் செய்த வேலையும் உதவலாம், மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லி வை.

பரீட்சைக்குப் பதிவு செய்யும் முறை சி.ஏ.வுக்கு நேர் மாறானது. குரூப் கிடையாது, ஒவ்வொரு பேப்பரையும் தனித்தனியாக புக் செய்ய வேண்டும். முதல் நான்கு பேப்பர், சட்டம் வரைக்கும், எந்த மாதமும் மையத்தில் நாள் வாங்கிக் கம்ப்யூட்டரில் எழுதலாம். மற்றவை மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று வருடத்துக்கு நான்கு முறை. ஒரு முறைக்கு நான்கு பேப்பர் வரை எழுத அனுமதி உண்டு. வேலைக்குப் போகிற உனக்கு ஒன்று போதும், மிஞ்சிப்போனால் இரண்டு. முன்கூட்டியே புக் செய்தால் கட்டணம் குறைவு. கடைசி நேரத்தில் புக் செய்தால் நன்றாக ஏறும். மையத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டு. சேலத்தை எதிர்பார்க்காதே. சென்னை அல்லது பெங்களூரு போய் வரும் ரயில் செலவு, ஒரு நாள் லீவு இரண்டையும் கணக்கில் வை.

எல்லாக் கட்டணமும் பவுண்டில். சேரும்போது ஒன்று, வருடச் சந்தா ஒன்று, பரீட்சைக்கு ஒன்று, விலக்குப் பெறும் பேப்பருக்கும் ஒன்று. விலக்கு இலவசம் என்று நினைத்து வந்தவர்கள் அந்தத் தொகையைப் பார்த்துத் திகைத்திருக்கிறார்கள். உன் வங்கி கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலிலேயே திறந்து வை. வங்கி அதற்கு மேல் தன் பங்குக்கு ஒரு தொகை பிடிக்கும். சந்தா ஜனவரி 1 அன்று ஒவ்வொரு வருடமும் வரும், படித்தாலும் படிக்காவிட்டாலும். பரீட்சைக் கட்டணம், சந்தா, பயணம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, உன் சம்பளத்தோடு வைத்துப் பார்த்துவிட்டுச் சேர். அந்தத் தாளை எனக்கு அனுப்பினாலும் பார்த்துச் சொல்கிறேன்.

மளிகைக் கடை உரிமையாளர், லீ பஜார்

"மகள் இன்டர் பாரம் போடும்போது வங்கியில் பணம் போய்விட்டது, ஆனால் திரை நின்றுவிட்டது. மறுபடி கட்டலாமா? கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது."

உடனே கட்டாதீர்கள் ஐயா. வெளியே வந்து மறுபடி உள்ளே போய், பாரத்தின் நிலை என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சில சமயம் பணம் போய்ச் சேர்ந்திருக்கும், திரைதான் தாமதமாகக் காட்டும். மறுநாள் காலை வரை பொறுத்தும் கட்டணம் பாக்கி என்றே காட்டினால், வங்கிப் பரிவர்த்தனை எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மறுபடி கட்டிவிடுங்கள். அட்டெம்ப்ட் போவதைவிட 2,700 ரூபாய் சில நாள் முடங்குவது மேல். முதலில் போன பணத்துக்கு அப்புறம் அந்த எண்ணை வைத்து வங்கியிலும் இன்ஸ்டிடியூட்டிலும் கேட்கலாம்.

கட்டணம் வந்து சேர்ந்தது என்று காட்டும் முழு பாரத்தை இறக்கி, அச்செடுத்து, கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், மகளுடைய மார்க் ஷீட் ஃபைலில் வையுங்கள். ஊர் சேலம்தானா, குரூப் சரியா, பெயர் சரியா என்று அந்தத் தாளில் மகளே விரல் வைத்துப் படித்துப் பார்க்கட்டும். தவறு இருந்தால் திருத்தும் நாட்கள் இன்னும் வரவில்லை, நேரம் இருக்கிறது.